வித்தவுட்

2019 அக்டோபரில் ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் லீட்ஸில் இருந்தேன். அங்கே நான் கற்றுக்கொண்ட ஆங்கிலம் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு மேசையில் கற்றதுதான். மீட்டிங்கில் பேசும் ஆங்கிலம் எனக்கு ஏற்கெனவே தெரியும், அதைச் சென்னையிலேயே பேசிப் பேசித் தேய்த்திருந்தேன். சாப்பிடும்போது பேசும் ஆங்கிலம் வேறு.

எங்கள் டீம் லீட் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். பார்ன்ஸ்லி பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த ஒரு சின்ன ஊரில் வளர்ந்தவர். அவர் சாண்ட்விச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். ஓரத்தை விடமாட்டார். காகிதத்தில் உதிர்ந்த துணுக்கைக்கூட விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நான் அதைப் பார்ப்பதை ஒருநாள் அவர் பார்த்துவிட்டார். கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே 1984 பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வருஷம் மார்ச்சில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அடுத்த மார்ச் வரை நீண்டது. அவருடைய அப்பாவும் வேலைக்குப் போகவில்லை. இவருக்கு அப்போது பன்னிரண்டு வயது, கீழே இரண்டு தங்கைகள். எல்லாருக்கும் அம்மா பரிமாறுவாராம். கடைசியில் ஒரு வாக்கியம் சொன்னார்: "மம் வென்ட் வித்தவுட்."

வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக் காத்திருந்தேன். அவர் தண்ணீர் குடித்தார். நான் கேட்டேன், "வித்தவுட் வாட்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஜஸ்ட்… வித்தவுட்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் கொடுக்காமல் கூப்பிட்டால் கம்பைலர் என்ன செய்யுமோ அதைத்தான் என் மூளையும் செய்தது. வித்தவுட் என்றால் பின்னால் ஒன்று வர வேண்டாமா? பால் இல்லாமல், பணம் இல்லாமல், குடை இல்லாமல்? பிறகு அகராதியில் பார்த்தேன். 'கோ வித்தவுட்' என்று பின்னால் எதுவும் இல்லாமலே சொல்லலாம், பொதுவாக வேண்டிய ஒன்று இல்லாமல் இருந்துகொள்வது, அதிலும் பெரும்பாலும் சாப்பாடு இல்லாமல் இருந்துகொள்வது என்று பொருள் போட்டிருந்தது. எது இல்லை என்பதைச் சொல்லாததுதான் அந்தச் சொற்றொடரின் விஷயமே. இருந்தது எதுவோ அது பிள்ளைகளுக்குப் போனது, அது இல்லாமல் அவள் இருந்தாள். அன்றைக்கு அது உருளைக்கிழங்காக இருக்கலாம், மறுநாள் கோட்டாக இருக்கலாம். பட்டியல் போட ஆரம்பித்தாலே அசிங்கமாகிவிடும் என்பதுபோல ஆங்கிலம் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறது.

*

சிரிக்காதீர்கள், எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ரயில்.

அரக்கோணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு 'வித்தவுட்' என்பது சுத்தமான தமிழ்ச்சொல். "வித்தவுட்ல போயிடலாம்டா" என்றால் டிக்கெட் எடுக்காமல் ரயில் ஏறுவது. "அவன் வித்தவுட் பார்ட்டி" என்றால் என்றைக்குமே டிக்கெட் எடுக்காதவன். எது இல்லாமல் என்று யாரும் கேட்கமாட்டார்கள், ரயில்வே ஊரில் வேறு எது இல்லாமல் போக முடியும்? இன்னொரு வித்தவுட் டீக்கடையில் இருக்கிறது. "ரெண்டு டீ, ஒரு வித்தவுட்" என்று குரல் கொடுத்தால் மாஸ்டர் ஒரு கிளாஸில் மட்டும் சர்க்கரை போடாமல் ஆற்றுவார். ஆக, பின்னால் வரவேண்டிய சொல்லை விழுங்கிவிடுவது ஆங்கிலேயர்களின் தனித்திறமை ஒன்றுமில்லை. அவர்கள் சொல்லை வாங்கி நாமும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறோம். விழுங்கிய சொல்தான் வேறு.

அதற்கும் முன்பே தமிழ் இதைச் செய்திருக்கிறது. 'இல்லாதவங்க' என்கிறோமே, என்ன இல்லாதவங்க? யாரும் கேட்பதில்லை. வறுமையைப் பேசும் நல்குரவு அதிகாரத்தில் வள்ளுவர் பயன்படுத்தும் சொல் 'இன்மை'. எதன் இன்மை என்ற கேள்வியே கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இன்மை ஒரு நிலை. இல்லாதவன் இல்லாதவனாகவே இருக்கிறான், அவன் எதையும் செய்யவில்லை. 'வென்ட் வித்தவுட்' என்பதில் அந்த அம்மா ஏதோ ஒன்றைச் செய்கிறாள். தமிழில் அதைச் சொல்ல வேண்டுமென்றால் 'கொள்' என்ற துணைவினையைக் கூப்பிட வேண்டும். 'இல்லாம சமாளிச்சுக்கிட்டாங்க.' அந்த 'க்கிட்டாங்க'வில் இருக்கிறது எல்லாம். தனக்குத் தானே செய்துகொண்டது, அடுத்தவரைத் தொந்தரவு செய்யாதது.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. பெயர் செயின்ட் பொட்டால்ஃப் வித்தவுட் பிஷப்ஸ்கேட். ஒரு வார இறுதியில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, பிஷப்ஸ்கேட் இல்லாத பொட்டால்ஃபா என்று குழம்பி நின்றேன். பழைய ஆங்கிலத்தில் வித்தவுட் என்றால் வெளியே என்று பொருளாம். வித்தின் என்றால் உள்ளே, வித்தவுட் என்றால் வெளியே. நகரின் மதில் வாசலுக்கு வெளியே இருந்த தேவாலயம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வாக்கியம் எனக்கு வேறுமாதிரி கேட்டது. எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அம்மா மட்டும் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள் என்பதுபோல. மொழியியல்படி இது செல்லுபடியாகாது என்று தெரியும். ஆனாலும் அந்தப் படம் போகவில்லை.

அந்த நாட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இருப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். டீம் லீடின் பாட்டி தலைமுறை முழுதும் ரேஷனில் வாழ்ந்தது. 1940 ஜனவரி 8ஆம் தேதி வெண்ணெய், சர்க்கரை, பன்றியிறைச்சிக்கு ரேஷன் வந்தது. அதே வருஷம் ஜூலையில் டீத்தூளுக்கும் வந்தது, ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது ஐம்பத்தாறு கிராம் சொச்சம். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. யுத்தத்தின்போது தாராளமாகக் கிடைத்த ரொட்டிக்கு யுத்தம் முடிந்த பிறகு, 1946இல்தான் ரேஷன் போட்டார்கள். கடைசியில் 1954 ஜூலையில் இறைச்சியோடு எல்லாம் முடிந்தது. பதினான்கு வருஷம் ஒரு தேசமே புத்தகம் போட்டு இல்லாமல் இருந்திருக்கிறது. பணக்காரருக்கும் அதே புத்தகம். எல்லாரும் சேர்ந்து இல்லாமல் இருந்தால் அதில் அவமானம் குறைவு.

ஆனால் அதே வருஷங்களில், அதே பேரரசின் இன்னொரு மூலையில், 1943இல் வங்காளத்தில் இருபது முப்பது லட்சம் பேர் பட்டினியிலும் அதைத் தொடர்ந்து வந்த நோயிலும் செத்தார்கள். அவர்களைப் பற்றி 'தே வென்ட் வித்தவுட்' என்று சொன்னால் அது ஆபாசம். அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது. தரைக்குக் கீழே போனவர்களுக்கு அது பொருந்தாது. உயிரோடு மிஞ்சியவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள், பிற்பாடு சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே சொல்வதற்கான சொல் அது.

*

தமிழில் இதற்குச் சரியான சொற்றொடர் எது என்று யோசித்துக்கொண்டே அன்று மாலை அறைக்கு நடந்து வந்தேன். தெரு திரும்புவதற்குள் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் கொஞ்சம் கூசியது. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி.

அது என் காதில் கடைசியாக விழுந்தது 2016இல். ஒரு வருஷம் வேலையை விட்டுவிட்டு எழுதப்போகிறேன் என்று போனில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உன்னை இஞ்சினியர் ஆக்கினது இதுக்குத்தானா?" என்றாள். நான், "நானா கட்டச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். (வேலையை விடவில்லை என்பது தனிக்கதை. இ.எம்.ஐ. என்ற மூன்றெழுத்து இலக்கியத்தைவிட வலியது.)

அந்தச் சொற்றொடரை நான் எப்போதுமே ஒரு பில்லாகத்தான் கேட்டிருக்கிறேன். சினிமாவில் அம்மாக்கள் அதை நீட்டுவார்கள், மகன் தலைகுனிவான். எங்கள் தெருவில் சொத்துத் தகராறு நடந்தால் அதுதான் முதல் வசனம். கவனித்துப் பார்த்தால், அதைப் பெரும்பாலும் பட்டவரே சொல்கிறார், தன்னைப் பற்றி. லீட்ஸில் நான் கேட்ட வாக்கியத்தைப் பிள்ளை சொன்னான், அம்மாவைப் பற்றி. முப்பத்தைந்து வருஷம் கழித்து, அம்மா இல்லாத இடத்தில். அந்த அம்மா வாய் திறந்து கேட்டிருக்கவே மாட்டாளோ? அல்லது கேட்டிருப்பாளோ, எங்கள் தெரு மாதிரியே ஏதாவது ஒரு சண்டையில்? எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் என் அம்மாவைப் பற்றி நான் யாரிடமும் சாப்பாட்டு மேசையில் அப்படிச் சொன்னதில்லை என்பது மட்டும் தெரிந்தது. அவளே சொல்ல வேண்டியிருந்தது.

அன்றிரவு அம்மாவுக்கு போன் போட்டேன். அங்கே மாலை ஆறு, அரக்கோணத்தில் ராத்திரி பத்தரை.

"அம்மா, அன்னிக்கு ஒருநாள் வாயைக் கட்டி வயித்தைக் கட்டின்னு சொன்னியே. எதையெல்லாம் கட்டினே?"

"என்னடா, இந்த நேரத்துல சண்டைக்கு வரியா?"

"இல்லம்மா. நெஜமாத்தான் கேக்கறேன். எனக்குத் தெரியணும்."

அவள் நம்பவில்லை. குளிரில் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். நான் திரும்பவும் கேட்டேன். "பெரிசா ஒண்ணுமில்லடா" என்று ஆரம்பித்தவள் முக்கால் மணி நேரம் பேசினாள்.

எல்லாம் நான் ப்ளஸ் டூ படித்த வருஷம், 2004-05. இஞ்சினியரிங் சேர நுழைவுத்தேர்வு இருந்த காலம். கோச்சிங் கிளாஸுக்கு இரண்டு தவணையாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. (2007இல் அந்த நுழைவுத்தேர்வையே எடுத்துவிட்டார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அம்மா முதலில் வெள்ளிக்கிழமைப் பூவை நிறுத்தினாள். "அது கணக்கே இல்ல." அப்புறம் கண்ணாடி. கிட்டப் பார்வை மங்கி, பிளவுஸுக்குக் கொக்கி தைக்க ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு ஒன்றரை வருஷம் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் ஸ்கூல் விட்டு வந்ததும் கூப்பிட்டு நூல் கோர்த்து வாங்கிக்கொள்வாளாம். அந்தப் பெண் வாசலில் நின்று ஊசியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏதோ விளையாடுகிறது என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் பால். ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டிருந்ததை அரை லிட்டர் ஆக்கினாள். இதைக் கேட்டபோதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது. ராத்திரி கண்விழித்துப் படிப்பதற்காக தினமும் ஒரு பெரிய டம்ளர் பாலில் பூஸ்ட் கலந்து கொடுப்பாள். அந்த வருஷம் முழுக்க என் டம்ளர் குறையவே இல்லை.

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ஸ்டார்வேஷன் என்று ஒன்று சொல்லித்தருவார்கள். முன்னுரிமை அதிகமுள்ள வேலைகள் வந்துகொண்டே இருந்தால், முன்னுரிமை குறைந்த ஒரு வேலைக்கு முறையே வராது, காத்துக்கொண்டே கிடக்கும். சிஸ்டம் அதுபாட்டுக்கு ஓடும். எரர் எதுவும் காட்டாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இதற்கு ஏஜிங் என்று ஒரு தீர்வும் உண்டு. எவ்வளவு நேரம் காத்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் முன்னுரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவது. செமஸ்டர் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினேன். இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ. வீட்டில் அப்போதும் அரை லிட்டர்தான் வந்துகொண்டிருந்தது.

*

பால் கதையோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பா தூங்கிட்டாரு" என்றாள். "அவரு சீசன் எடுக்கல."

அப்பா அப்போது பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தினமும் அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல், எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காலை ஆறு மணி வண்டி. மாசாமாசம் சீசன் டிக்கெட். கோச்சிங் கிளாஸின் இரண்டாம் தவணை கட்டிய மாசமும் அதற்கு அடுத்த மாசமும் அவர் சீசனைப் புதுப்பிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தினமும் அதே வண்டியில் போய்க்கொண்டிருந்தார். வித்தவுட்டில்.

இரண்டாம் மாசம் பிடிபட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வர ராத்திரி பத்தாகிவிட்டது. "வண்டி லேட்டு" என்றார். மறுநாள் அம்மா துணி துவைக்கும்போது பேன்ட் பாக்கெட்டிலிருந்து ரசீது வந்தது. டிக்கெட் காசும் அபராதம் 250 ரூபாயும். சீசன் எடுக்காமல் மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கு அந்த ஒரு ரசீதிலேயே போயிருக்கும். அந்த 250ஐ யாரிடம் கடன் வாங்கிக் கட்டினார், அதுவரை அவரை எங்கே உட்கார வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நனைந்த ரசீதை அடுப்புமேடை ஓரத்தில் காயவைத்தாள். படித்தாள். கிழித்துப் போட்டாள். அடுத்த ஒண்ணாம் தேதி, "சீசனுக்கு வெச்சுக்குங்க" என்று பணத்தை எடுத்துக் கொடுத்தாள். ஏது என்று அவர் கேட்கவில்லை. ஏன் என்று இவள் சொல்லவில்லை. அரை லிட்டர் பாலின் பணம் அது.

"அவருக்குத் தெரியுமா, உனக்குத் தெரியும்னு?"

"தெரியாது. நீ கேட்டுடாதே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு 2007 ஞாபகம் வந்துவிட்டது. கல்லூரிக்கு நானும் தினமும் ரயிலில்தான் போய்வந்தேன், மாணவர் சலுகை சீசனில். ஒருமுறை சனிக்கிழமை சீசன் முடிந்தது. சோம்பேறித்தனத்தில் புதுப்பிக்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அப்படியே போய்வந்தேன். புதன்கிழமை ராத்திரி தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மூணு நாளா வித்தவுட்லதாம்மா போறேன், ஒருத்தன் பிடிக்கல" என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். வந்தார். ஈரக்கையோடு அறைந்தார். அவர் என்னை அடித்தது வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடிகாலையில் எனக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய், கவுன்ட்டரில் நின்று சீசன் வாங்கி, என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, தன் வண்டியைப் பிடிக்க ஓடினார்.

பன்னிரண்டு வருஷமாக அந்த அறையை நான் நண்பர்களிடம் ஒரு நேர்மைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கப்பா அவ்வளவு கறார், அரசாங்கத்தை ஏமாற்றினால் பொறுக்கமாட்டார், பிளாட்பாரத்தில் இரண்டு நிமிஷம் நிற்பதற்குக்கூட பிளாட்பார டிக்கெட் எடுப்பார் என்று. ஒரு கட்டுரையில் எழுதியும் இருக்கிறேன். நல்லவேளை, அதை யாரும் படிக்கவில்லை.

அப்பா செய்தது தியாகமா? எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. அவர் செய்தது சட்டப்படி குற்றம். ரயில்வே சட்டத்தின் 137ஆம் பிரிவு, ஆறு மாசம் வரை உள்ளே வைக்கலாம். இரண்டு மாசம் தினமும் இரண்டுமுறை அந்த பயத்தோடு ஏறி இறங்கியிருக்கிறார். பசியைப் பொறுத்துக்கொண்டால் அக்கம்பக்கத்தில் மரியாதை உண்டு, அம்மாவின் பூவுக்கும் கண்ணாடிக்கும் பாலுக்கும் ஒரு சொற்றொடர் உண்டு, அதைச் சண்டையில் எடுத்து நீட்டவும் முடியும். அப்பா இல்லாமல் இருந்தது எதையும் யாரிடமும் நீட்ட முடியாது. பிள்ளையிடம் அதை ஒரு அறையாகத்தான் கொடுக்க முடிந்தது.

மறுநாள் டீம் லீட் வழக்கம்போல எதிரே வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் பேச்சு விட்ட இடத்திலிருந்து எங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. மனசுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்தேன். 'மை டாட் வென்ட் வித்தவுட்' என்று அவரிடம் சொன்னால் பொய்யில்லை, ஆனால் அவருக்குப் புரிவது வேறொன்றாக இருக்கும். விளக்க ஆரம்பித்தால் ரயில், சீசன், ஸ்க்வாட் என்று நீளும். நான் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன்.

*

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு அறுபத்தொன்பது. பத்து வருஷமாகச் சர்க்கரை. திரும்பும் அன்று வழக்கம்போல ஸ்டேஷன்வரை வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்காமல் கவுன்ட்டரில் நின்று பத்து ரூபாய் கொடுத்து பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டார். மடித்துச் சட்டைப்பையில் வைத்து, ஒருமுறை தொட்டும் பார்த்துக்கொண்டார்.

"டிக்கெட் எடுத்தியா?"

"மொபைல்ல இருக்குப்பா."

"காட்டு."

காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் படித்தார், நேரத்தைப் படித்தார். "சார்ஜ் இருக்கா போன்ல? அணைஞ்சிடுச்சுன்னா என்ன பண்ணுவே?" என்றார். எண்பது சதவீதம் இருக்கிறது என்றேன். திருப்திப்படாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போது கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. அம்மா சொன்னது ஞாபகம் வந்து, பதிலுக்கு, "டீ குடிக்கலாமாப்பா?" என்று கேட்டேன்.

ஸ்டாலில் கூட்டம். "ஒரு டீ, ஒரு வித்தவுட்" என்று குரல் கொடுத்தேன். இரண்டு பேப்பர் கப் வந்தன. அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டார், நான் மற்றதை. ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது, என்னுடையதில் துளிச் சர்க்கரை இல்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு கப்பைப் பார்த்தார். பிறகு வண்டி வரும் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அவசரமில்லாமல் இன்னொரு வாய் குடித்தார்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை.